மூன்றாவது கேள்வி

அன்புள்ள நந்திதாக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. கிருபா மாமாவிடம் கூட வேண்டாம். உன் வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் நம் அப்பாவிடம் எதையும் மறைக்கத் தெரியாதவர், ‘மாமா, லோகு இப்படி எழுதியிருக்காளுங்க’ என்று அன்றைக்கே போன் பண்ணிவிடுவார். படித்ததும் அடுப்பில் காட்டிவிடு. நீ எப்படி இருக்கிறாய், இருமல் விட்டதா? நொய்டாவில் இப்போதே புகை ஆரம்பித்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா சுக்கும் மிளகும் திப்பிலியும் இடித்துப் பார்சலில் வைத்திருக்கிறாள், ராத்திரி தேனில் குழைத்துச் சாப்பிடச் சொன்னாள். இங்கே தென்னையில் வெள்ளை ஈ போகவே இல்லை, கீழ்த் தோட்டத்து மட்டையெல்லாம் கரி பூசின மாதிரி நிற்கிறது. சிந்து மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று. எல்லாரும் நலம் என்றும் சேர்த்து எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை. உடம்புக்கு யாருக்கும் ஒன்றும் இல்லை, அதை மட்டும் எழுதுகிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். என் போனும் அம்மாவின் போனும் அப்பாவின் பீரோவில் இருக்கின்றன. போன வாரம் அம்மா உன்னிடம் ‘போன் தண்ணியில விழுந்துபோடுச்சு கண்ணு’ என்று சொன்னாளே, அது பொய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ கூப்பிடும்போது அப்பா தன் போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துவிடுகிறார், நாங்கள் சுற்றி உட்கார்ந்து நல்லா இருக்கிறோம் என்கிறோம். காலையில் டிரைவர் உன் பார்சலை அவிநாசியில் கூரியரில் போடப் போகிறார். இதை மடித்துப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பருப்புப் பொடி டப்பாவின் அடியில் வைத்துவிடுவேன். இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று காரமடை ரங்கநாதருக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் திங்கட்கிழமை பஞ்சாயத்துக் கூட்டம். அதற்குள் ஒரு காரியம் நடக்க வேண்டும்.

எல்லாம் அந்த ஆப்பினால் வந்தது. எங்கள் ஸ்கூல் ஹர்ஷிணி மிஸ் ஒரு போட்டிக்காக, மக்கள் அரசியலைத் தெரிந்துகொள்கிற மாதிரி ஒரு ஆப் வடிவமைத்துக் கொண்டுவரச் சொன்னதும், நானும் என் கிளாஸ் ஷ்ரவ்யாவும் செய்தோம், நீ கோடிங் சரிபார்த்து உன் கணக்கில் ஏற்றிக் கொடுத்தாய். ஆனால் நாங்கள் அதற்குப் பட்ட பாடு உனக்குத் தெரியாது. ஷ்ரவ்யா ஒவ்வொரு திரையையும் சார்ட் அட்டையில் வரைந்து வெட்டி வைப்பாள், நான் அதில் எழுதுவேன், பிறகு அவளுடைய அம்மா பங்காரம்மாவின் தையல் கடையில் துணி தைக்க வருகிறவர்களிடம் அட்டையை நீட்டி, எங்கே விரலை வைப்பீர்கள் என்று கேட்போம். வயதானவர்கள் எழுத்தின் மேல் விரல் வைக்கவே பயந்தார்கள், பட்டனை ரொட்டி அளவுக்குப் பெரிதாக்கினோம். படிக்கத் தெரியாதவர்களுக்காக எல்லாவற்றையும் குரலில் பதிந்தோம். கலருக்குத்தான் ரொம்ப நாள் அலைந்தோம். எந்தக் கலரை வைத்தாலும் யாராவது ஒருவர் இது இன்ன கட்சி ஆப்பா என்று கேட்டுவிடுவார். கடைசியில் கத்திரிப்பூக் கலர் வைத்தோம். இந்தக் கலரில் மட்டும்தான் இன்னும் ஒருத்தரும் கரை வேட்டி கட்டலைடி என்று ஷ்ரவ்யா சொன்னாள், அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பங்காரம்மா எங்களைக் கடையை விட்டே துரத்தினார். சாக்கடைக்கு யாரிடம் போக வேண்டும், எம்.எல்.ஏ. வேலை என்ன, கிராம சபையில் யார் யார் கேள்வி கேட்கலாம், எல்லாம் அதில் இருந்தது. ‘ஏனுங்க தலைவரே’ என்று நான்தான் பேர் வைத்தேன். கடைசியில் விளையாட்டு மாதிரி பத்துக் கேள்வி. சரியாகச் சொன்னால் ‘சரிங்க’ என்றும் தப்பாகச் சொன்னால் ‘தப்புங்க’ என்றும் ஒரு குரல் வரும். எனக்குத் தொண்டை கட்டியிருந்ததால் அன்றைக்கு ஷ்ரவ்யாதான் பேசினாள். அக்கா, என் தொண்டை அன்றைக்கு மட்டும் நன்றாக இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

மூன்றாவது கேள்வி, நம்ம பஞ்சாயத்துத் தலைவர் யாருங்க என்பது. கீழே நாலு பேர். முதலில் அப்பா பேர் தம்பிதுரை, பிறகு கோகிலாமணி, கலெக்டர், எம்.எல்.ஏ. இதில் என்ன இருக்கிறது, ஜெயித்துச் சான்றிதழ் வாங்கினது நம் அம்மா, கோகிலாமணிதான் சரியான விடை. ஷ்ரவ்யா வேண்டாம் என்றாள். ‘உங்கப்பா கோவிச்சுக்குவாருடி, கலெக்டரை மட்டும் கேப்போம்’ என்றாள். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஊரில் யாரைக் கேட்டாலும் அப்பாவைத் தலைவர் என்கிறார்கள், அம்மாவைத் தலைவர் ஊட்டம்மா என்கிறார்கள், அரசியல் சொல்லிக்கொடுக்கிற ஆப்பில் இதைக் கூடச் சொல்லாவிட்டால் எதற்கு என்று நினைத்தேன். பஞ்சாயத்து ஆபீஸ் போர்டில் அம்மா பேருக்குக் கீழே அப்பா நம்பர் எழுதியிருக்கிறதே, நான் ஆப்பில் ‘தலைவரைக் கூப்பிடுங்க’ பட்டனுக்கு அம்மாவின் நம்பரையே போட்டேன். வீட்டில் மட்டும் இது ஷ்ரவ்யாவின் ப்ராஜெக்ட், நான் துணைக்குப் போகிறேன் என்று சொல்லிவைத்திருந்தேன். நீட்டுக்குப் படிக்கிற புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு என்று அப்பா திட்டுவார் என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை.

முதலில் அம்மாவிடம்தான் விளையாடக் கொடுத்தேன். சப்பாத்தி மாவுக் கையைத் துடைத்துவிட்டு, முதல் இரண்டு கேள்விக்கும் சரியாகச் சொன்னாள். மூன்றாவதற்குக் கொஞ்சமும் யோசிக்காமல் அப்பா பேரை அமுக்கினாள். தப்புங்க என்றது. போன் கெட்டுப்போச்சா என்று கேட்டு மறுபடியும் அப்பா பேரையே அமுக்கினாள். பிறகு திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘அப்ப நானாடி?’ என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அதற்கப்புறம் அம்மாவின் போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் எடுத்து, அவர் வெளியே போயிருக்காருங்க என்று வைத்துவிடுவாள். ஒருநாள் காலனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, ‘அவரு வேண்டாமுங்க, நீங்கதான தலைவரு, போன்ல போட்டிருக்குதுங்க, ஒரு வாரமாச் சொட்டுத் தண்ணி வரல, புள்ளைக பள்ளிக்கூடம் போகலீங்க’ என்று அழுதாள். அம்மா போனை வைத்துவிட்டு என்னிடம் டேங்க் ஆபரேட்டர் நம்பர் இருக்கா என்று கேட்டாள். ‘நான் கோகிலாமணி பேசறனுங்க’ என்று ஆரம்பித்து, எந்தக் கோகிலாமணி என்று அவர் கேட்டதும், ‘தலைவருங்க’ என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா. சாயங்காலம் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெண் நன்றி சொல்லக் கூப்பிட்டபோது அம்மா அடுப்படியில் நின்று பேசினாள், சாம்பார் அடிப்பிடித்தது. அதற்குப் பிறகு கிளார்க் கையெழுத்துக்குக் கொண்டுவந்த பேப்பரை, வெச்சுட்டுப் போங்க, படிச்சுப் பாத்துட்டுத் தரேன் என்று சொல்லி வாங்கி வைத்தாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டே, ‘படிச்சு நீ என்னத்தைக் கிழிக்கப் போற’ என்றார். கோபமாகக் கூட இல்லை, ஊறுகாய் எடு என்கிற மாதிரி.

பிறகு அக்டோபர் கிராம சபை. அப்பாவைச் சந்தோஷப்படுத்தலாம் என்று எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸே அங்கே ஆப்பைக் காட்ட ஏற்பாடு செய்தார்கள், அப்பாவும் பெருமையாகப் பெரிய திரையும் ஸ்பீக்கரும் வாடகைக்கு எடுத்தார். ஷ்ரவ்யா மேலே நின்று காட்டினாள். நான் பயந்துபோய்க் கீழே அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. யாராவது வந்து விளையாடுங்கள் என்றதும் அங்கப்பன் பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு போனார். மூன்றாவது கேள்வி வந்ததும், ‘இதையெல்லாம் ஒரு கேள்வின்னு கேக்கறயா அம்மணி’ என்று சொல்லி அப்பா பேரைக் குத்தினார். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி தப்புங்க என்றது ஸ்பீக்கர். அவருக்குக் கோபம் வந்து திரும்பவும் குத்தினார். தப்புங்க. விரல் சரியாகப் படவில்லை என்று வேட்டியில் துடைத்துக்கொண்டு கட்டை விரலால் அழுத்தினார். தப்புங்க. பின்னால் நூறு நாள் வேலைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், பிறகு வாயைப் பொத்தாமல் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். யூனியன் ஆபீசிலிருந்து வந்திருந்த அதிகாரி புதியவர், ஒன்றும் தெரியாமல், ‘தலைவரம்மா கீழ உக்காந்திருக்காங்களே, மேல வாங்கம்மா’ என்றார். மேலே இருந்த நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்துதான் ஆகவேண்டியிருந்தது. அம்மா போய் உட்கார்ந்தாள், நாற்காலி நுனியில், எழுந்து ஓடப் போகிறவள் மாதிரி. அப்பா கூட்டம் முடியும் வரை கைகட்டிப் பக்கத்தில் நின்றார்.

வீட்டுக்கு வந்து அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் பரவாயில்லை அக்கா. ‘கண்ணு, அந்தப் போனைக் குடு’ என்று என்னிடம் வாங்கினார், அம்மாவிடமும் வாங்கினார். பிறகு கை கழுவிவிட்டு உட்கார்ந்து, ‘தலைவரம்மா, சோறு போடறீங்களா’ என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது இன்னும் நிற்கவில்லை. தலைவரம்மா துண்டு எங்கீங்க, தலைவரம்மா காப்பியில சக்கரை பத்தலீங்க, தீர்மானம் போட்டுப் போடுங்க. வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னாலும் அப்படியே கூப்பிடுகிறார், அவர்கள் சிரிக்கிறார்கள், அம்மாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே டம்ளர் எடுத்துவைக்கிறாள். ஓட்டுக் கேட்கப் போனபோது போஸ்டரில் அப்பா படம் ஆள் உயரத்துக்கும் அம்மா படம் தபால் தலை அளவுக்கும் இருந்ததைப் பார்த்து நீயும் நானும் கேலி பண்ணினோமே, அப்போதும் அம்மா இப்படித்தான் கூடச் சேர்ந்து சிரித்தாள். நாமும் அவர்களைப் போலத்தான் இருந்திருக்கிறோம்.

அப்பா இதை யார் செய்தது என்று தேடவே இல்லை. குரல் ஷ்ரவ்யாவுடையது, மேலே நின்றது ஷ்ரவ்யா, போன தேர்தலில் அம்மாவை எதிர்த்து நின்று தோற்றது அவளுடைய மாமா ரவிதேஜாவின் வீட்டம்மா. அவருக்கு எல்லாம் பொருந்திவிட்டது. நேராகத் தையல் கடைக்குப் போய், ‘ஏனுங்க பங்காரம்மா, புள்ளைய நல்லா வளத்திருக்கீங்க, ரொம்ப சந்தோசமுங்க, கடைய மட்டும் காலி பண்ணிக் குடுத்துருங்க’ என்று சொல்லிவிட்டு, தைத்து வைத்திருந்த நம் வீட்டு ஜாக்கெட்டையும் வாங்கிக்கொண்டு வந்தார். அந்தக் கடை பஸ் ஸ்டாப் பக்கத்துப் பஞ்சாயத்துக் கட்டடம்தானே. கட்டடம் பழுது, இடிக்க வேண்டும் என்று திங்கட்கிழமை தீர்மானம். அந்த வரிசையில் நாலு கடை இருக்கின்றன, பங்காரம்மாவின் கடை மட்டும் பழுதாம். கேள்வியெல்லாம் யார் எழுதினது என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டுக் கேட்டபோது ஷ்ரவ்யா நானேதான் என்றாளாம். என்னிடம் அவள் பேசுவதில்லை. ஸ்கூல் வேனில் ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே, ‘உன்னைய உங்கப்பா என்ன கொன்னா போடப்போறாரு? எங்கம்மா மெஷினை எங்கடி கொண்டுபோய் வெக்கறது?’ என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

நான் சொல்லியிருக்க வேண்டும். தினமும் காலையில் சொல்லிவிடலாம் என்று எழுகிறேன். முந்தாநாள் சாப்பிடும்போது அப்பா தானாகவே, ‘எம்புள்ள இப்படிப் பண்ணியிருந்தா இன்னேரம் டி.சி. வாங்கி கோபில அத்தை ஊட்ல உட்டுப்போட்டு ஜாதகத்தைக் கையில எடுத்திருப்பேன், ஏதோ நம்ம புள்ளைக ஒழுங்கா இருக்குது’ என்று என் தலையைத் தடவினார். இன்னும் கொஞ்ச மாதத்தில் பொதுத்தேர்வு, அதற்கு முன்னால் என்னை நிறுத்திவிட்டால் அப்புறம் யார் கேட்பார்கள்? அவர் சொன்னால் செய்கிறவர்.

இதையெல்லாம் கூடத் தாங்கிக்கொள்வேன். இன்று சாயங்காலம் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அம்மா துணி மடிக்கிற சாக்கில் என் அறைக்கு வந்தாள். அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, நான் கேள்வி எழுதும்போது பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தாளே. ‘திங்கக்கிழமை நான் கையெழுத்துப் போட்டுருவேன், நீ வாயைத் தொறக்காத’ என்றாள். பங்காரம்மா பாவம்மா என்றேன். ‘பாவந்தான். நான் போடலீன்னா ஏன்னு தோண்ட ஆரம்பிச்சுருவாரு. நீ படிச்சாகணும்’ என்றாள். பிறகு மடித்த பாவாடையையே திரும்ப எடுத்து உதறி மடித்துக்கொண்டு, ‘இத்தனை நாள் என்ன எழுதியிருக்குன்னு தெரியாமப் போட்டேன், இந்தப் பேப்பரை முழுசாப் படிச்சுட்டேன், தெரிஞ்சேதான் போடறேன்’ என்றாள். அக்கா, நம் அம்மா தலைவராகத் தானே முடிவு பண்ணிப் போடப்போகிற முதல் கையெழுத்து இது. ஒரு தப்பும் செய்யாதவர் கடையைப் பூட்ட. எனக்காக. அரசியல் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்.

ஆப்பை எடுத்துவிடு என்று கேட்கத்தான் முதலில் நினைத்தேன். எடுத்தாலும் கடை திரும்பி வராது. அப்புறம், நீயே செய்ததாக அப்பாவிடம் சொல்லச் சொல்லலாமா என்று நினைத்தேன், நீ தூரத்தில் சம்பாதித்துக்கொண்டு இருக்கிறாய், உன்னை அவரால் என்ன செய்ய முடியும் என்று. அதை எழுதிக்கூட அடித்துவிட்டேன், வேறு தாளில் இருக்கிறது, அதை உனக்கு அனுப்பப் போவதில்லை. ஷ்ரவ்யா ஒருத்தி எனக்காகப் பழியைச் சுமக்கிறது போதும், அம்மா ஒருத்தி போதும், மூன்றாவதாக நீ வேண்டாம். அதனால் இப்படிச் செய். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டதும், சாப்பிட்டீர்களா, மழை பெய்ததா என்று எதையும் ஆரம்பிக்காதே. எடுத்தவுடனே, கேள்வியை எழுதினது லோகுதான், ஏற்றிக் கொடுத்தது நான், ஷ்ரவ்யாவுக்கும் அவள் அம்மாவுக்கும் இதில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடு. கூட்டத்துக்கு முந்தின நாள் என்பதால் அங்கப்பன் பெரியப்பாவும் மெம்பர்களும் நம் வீட்டில்தான் சாப்பிடுவார்கள், ஸ்பீக்கரில் எல்லார் காதிலும் விழும். விழுந்தபிறகு யாராலும் மறைக்க முடியாது, அம்மா கையெழுத்துப் போட வேண்டிய காரணமும் போய்விடும். நான் அங்கேயே எழுந்து நின்று ஆமாங்கப்பா என்று சொல்லிவிடுவேன். முதல் வார்த்தையை மட்டும் நீ சொல்லிக் கொடு, எனக்கு அது மட்டும்தான் வாயில் வரமாட்டேன் என்கிறது. அப்புறம் என்னைக் கோபிக்கு அனுப்பினால் ஹால் டிக்கெட்டை எப்படியாவது வாங்கி வைக்க முடியுமா என்று ஹர்ஷிணி மிஸ்ஸிடம் கேட்டு வை.

உடம்பைப் பார்த்துக்கொள். வெளியே போகும்போது மாஸ்க் போடு, பட்டினியாக ஆபீஸ் போகாதே என்று அம்மா நூறு தடவை சொல்லச் சொன்னாள். பருப்புப் பொடியில் உப்பு கொஞ்சம் கம்மி, பார்த்துப் போட்டுக்கொள். நீயும் மாமாவும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், இது அம்மா சொன்ன ஆசீர்வாதம், எழுதுகிற கை மட்டும்தான் என்னுடையது. மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை, எடுத்தவுடனே.

இப்படிக்கு உன் தங்கச்சி

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. லைட் எரியுதே அம்மணி, இன்னுமா படிக்கிற, கதவைத் தொற என்கிறார். பின்னால் அம்மா, அவ தூங்கியிருப்பா, உடுங்க, வாங்க போலாம் என்று அவரைக் கூட்டிப் போகப் பார்க்கிறாள். மறுபடியும் எனக்காக ஒரு பொய். அக்கா, ஞாயிற்றுக்கிழமை நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். நானே